செவ்ரோலெட் எல் கமினோ எஸ்எஸ்

எல் கமினோ எஸ்எஸ் என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தனது செவ்ரோலெட் பிரிவின் வழியாகத் தயாரித்து விற்ற, மகிழுந்தை அடிப்படையாகக் கொண்ட மிகுதிறன் பிக்கப் ஊர்தி ஆகும். இதன் முன்பாதி செவெல் என்னும் மகிழுந்தை ஒத்தது. பின்பாதியில் பின்னிருக்கைக்கும் பெட்டிக்கும் மாற்றாகத் திறந்த சரக்குத் தளம் அமைந்துள்ளது. எஸ்எஸ் என்பது சூப்பர் ஸ்போர்ட் என்பதன் சுருக்கம். மசில் கார் எனப்படும் மிகுதிறன் மகிழுந்துகளில் பொருத்தப்பட்ட அதே பெரிய வி8 பொறிகள் இவ்வூர்தியிலும் பொருத்தப்பட்டன.

இக்கட்டுரை 1968 முதல் 1972 வரையான மாதிரி ஆண்டுகளின் எல் கமினோ எஸ்எஸ் பற்றியது. பழைய ஊர்திகளைச் சேகரிப்போர் மிகுதியாக நாடுவது இந்த ஐந்து ஆண்டுகளின் ஊர்திகளையே. ஒரே வண்ணமும் ஒரே சின்னங்களும் கொண்டு அருகருகே நிற்கும் இரண்டு எல் கமினோக்களில் ஒன்று தொழிற்சாலையிலேயே எஸ்எஸ் ஆக உருவானதாகவும், மற்றொன்று பிற்காலத்தில் அவ்வாறு மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. விலையிலோ பெரும் வேறுபாடு உண்டு. ஆகவே இவ்வூர்தியின் வரலாற்றையும் தொழில்நுட்பத்தையும் அறிவது, வாங்க விரும்புவோருக்குப் பொழுதுபோக்கு மட்டுமன்று, தற்காப்பும் ஆகும்.

பெயர்

எல் கமினோ என்பது எசுப்பானிய மொழியில் "பாதை" எனப் பொருள்படும். இப்பெயரை ஜெனரல் மோட்டார்ஸ் முதலில் 1954 ஆம் ஆண்டில் காடிலாக் பிரிவின் காட்சி ஊர்தி ஒன்றுக்குச் சூட்டியது. அதற்கும் பிக்கப் ஊர்திக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பு இல்லை.

பின்னணி

மகிழுந்தின் உடலோடு சரக்குத் தளத்தை இணைக்கும் எண்ணம் அமெரிக்காவுக்கு முன்பே ஆஸ்திரேலியாவில் செயல்வடிவம் பெற்றது. விக்டோரியா மாநிலத்தைச் சேர்ந்த ஓர் உழவரின் மனைவி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு நனையாமல் செல்லவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும் ஏற்ற ஊர்தி வேண்டும் என்று ஃபோர்டு நிறுவனத்துக்கு எழுதியதாகக் கூறப்படுகிறது. கீலாங் நகரில் இருந்த ஃபோர்டு ஆலையின் வடிவமைப்பாளர் லூ பேண்ட் உருவாக்கிய இத்தகைய ஊர்தி 1934 இல் விற்பனைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் இவ்வகை ஊர்தி "யூட்" என்று அழைக்கப்படுகிறது.

அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1957 மாதிரி ஆண்டில் ராஞ்செரோ என்னும் ஊர்தியை அறிமுகப்படுத்தியது. அதற்குப் போட்டியாக செவ்ரோலெட் 1959 இல் முதல் எல் கமினோவை வெளியிட்டது. அது செவ்ரோலெட்டின் முழு அளவு மகிழுந்தை அடிப்படையாகக் கொண்டது. கிடையாக விரிந்த பின் சிறகுகளையும் உடையது. முதலாண்டில் 22,000க்கும் மேற்பட்டவை தயாரிக்கப்பட்டன. இரண்டாம் ஆண்டில் எண்ணிக்கை ஏறத்தாழ 14,000 ஆகக் குறைந்தது. அதே 1960 இல் ராஞ்செரோ, ஃபால்கன் என்னும் சிறிய மகிழுந்தின் அடிப்படைக்கு மாறியது. செவ்ரோலெட் 1960க்குப் பின் எல் கமினோவை நிறுத்திவிட்டது.

மூன்றாண்டு இடைவெளிக்குப் பின் 1964 இல் எல் கமினோ மீண்டும் வந்தது. இம்முறை நடுத்தர அளவுள்ள செவெல் மகிழுந்து அதற்கு அடிப்படையாக அமைந்தது. 1966 இல் 396 கன அங்குலப் பொறியை விருப்பத்தேர்வாகப் பெற முடிந்தது. எனினும் 1966, 1967 ஆகிய ஆண்டுகளில் எல் கமினோவுக்கு எஸ்எஸ் என்னும் வகை இல்லை. ஆகவே அவ்வாண்டுகளின் எல் கமினோ ஒன்றில் எஸ்எஸ் சின்னம் காணப்பட்டால், அது பின்னாளில் ஒட்டப்பட்டது என்று கொள்ளலாம்.

எஸ்எஸ் ஆண்டுகள்

1968: செவெல் குடும்பம் முழுவதும் புதிய உடலைப் பெற்றது. எல் கமினோவின் சக்கர இடைத்தூரம் 116 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2,946 மில்லிமீட்டர். எல் கமினோ எஸ்எஸ் 396 தனி வரிசையாக வெளியிடப்பட்டது. பொறியின் திறன் 325, 350, 375 குதிரைத்திறன் என மூன்று நிலைகளில் கிடைத்தது.

1969: எஸ்எஸ் 396 தனி வரிசை என்னும் நிலையிலிருந்து விருப்பத்தேர்வுத் தொகுப்பாக மாறியது. இத்தொகுப்பின் குறியீடு இசட்25. இம்மாற்றம் அன்றைய அலுவலக நடைமுறை சார்ந்த சிறு செய்தி. இன்றைய வாங்குநருக்கோ இதுவே பெருஞ்சிக்கலின் தொடக்கம். காரணம் கீழே விளக்கப்படுகிறது.

1970: நடுத்தர அளவு மகிழுந்துகளில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட பொறிகளைப் பொருத்தலாகாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் வைத்திருந்த உள்விதி இவ்வாண்டு நீக்கப்பட்டது. இதனால் 454 கன அங்குலப் பொறியுடன் எஸ்எஸ் 454 வெளிவந்தது. அதன் தொகுப்புக் குறியீடு இசட்15. எஸ்எஸ் 396 உம் தொடர்ந்தது. அதன் பொறி உண்மையில் 402 கன அங்குலமாகப் பெருக்கப்பட்டிருந்தது. ஆயினும் புகழ்பெற்ற 396 என்னும் எண்ணையே நிறுவனம் தொடர்ந்து பயன்படுத்தியது.

1971: காரீயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்ப அமுக்க விகிதம் குறைக்கப்பட்டது. முன்புறம் பக்கத்துக்கு ஒன்றாக ஒற்றை முகப்பு விளக்குகள் வந்தன. 350 கன அங்குலச் சிறிய பொறியுடனும் எஸ்எஸ் தொகுப்பைப் பெற முடிந்தது. ஆகவே இவ்வாண்டு முதல் எஸ்எஸ் என்பது பெரிய பொறிக்கு உறுதி ஆகாது. ஜெனரல் மோட்டார்ஸின் ஜிஎம்சி பிரிவு இதே ஊர்தியை ஸ்பிரின்ட் என்னும் பெயரில் விற்கத் தொடங்கியது.

1972: இவ்வுடல் வடிவத்தின் இறுதி ஆண்டு. 454 பொறியும் தொடர்ந்தது.

பொறிகள்

குறிப்பிடத்தக்க பெரிய பொறிகள் வருமாறு:

- 396 கன அங்குலம், 6.5 லிட்டர்: 1968, 1969, 325 முதல் 375 குதிரைத்திறன் வரை
- 402 கன அங்குலம், 6.6 லிட்டர், 396 என்னும் பெயரில்: 1970, 350 அல்லது 375 குதிரைத்திறன்
- 454 கன அங்குலம், 7.4 லிட்டர், எல்எஸ்5: 1970, 360 குதிரைத்திறன், அமுக்க விகிதம் 10.25
- 454 கன அங்குலம், 7.4 லிட்டர், எல்எஸ்6: 1970 மட்டும், 450 குதிரைத்திறன், அமுக்க விகிதம் 11.25
- 454 கன அங்குலம், எல்எஸ்5: 1971, 365 குதிரைத்திறன், அமுக்க விகிதம் 8.5
- 454 கன அங்குலம், எல்எஸ்5: 1972, 270 குதிரைத்திறன், நிகர அளவில்

இவற்றுள் எல்எஸ்6 மிகவும் புகழ்பெற்றது. ஹாலி நிறுவனத்தின் நான்கு குழல் கார்புரேட்டர், ஒவ்வொரு முதன்மைத் தாங்கிக்கும் நான்கு திருகுகள், நெய்ம அழுத்தத்தால் இயங்காத திண்மத் தள்ளிகள் ஆகியன இதன் சிறப்புகள். 1970 இல் செவெல், எல் கமினோ ஆகிய இரண்டிலும் சேர்த்து 4,475 எல்எஸ்6 பொறிகள் பொருத்தப்பட்டன. இவற்றுள் எத்தனை எல் கமினோவுக்குச் சென்றன என்னும் தனிக்கணக்கை செவ்ரோலெட் வெளியிடவில்லை. ஆகவே "இத்தனையே தயாரிக்கப்பட்டன, அவற்றுள் இது ஒன்று" என்று விற்பவர் கூறும் துல்லியமான எண்ணிக்கையை ஐயத்துடனேயே நோக்க வேண்டும்.

பட்டியலில் 1971 இன் 365 குதிரைத்திறன் 1972 இல் 270 ஆகக் குறைந்திருப்பது பெரும் வீழ்ச்சிபோலத் தோன்றும். இதன் பெரும்பகுதி அளவிடும் முறையின் மாற்றமே. 1971 வரை விளம்பரப்படுத்தப்பட்டது மொத்தத் திறன். காற்று வடிகட்டி, இயல்பான புகைபோக்கிக் குழாய், துணைக் கருவிகள் ஆகியன இன்றிப் பொறியைத் தனியே மேடையில் வைத்து அளந்தது. 1972 முதல் குறிக்கப்பட்டது நிகரத் திறன். பொறி ஊர்தியில் இருக்கும் நிலையில் அளந்தது. 1971 எல்எஸ்5 பொறியின் நிகரத் திறன் 285 குதிரைத்திறன் ஆகும். எனவே இரண்டு ஆண்டுகளின் உண்மையான வேறுபாடு 15 குதிரைத்திறன் மட்டுமே. 1970 இன் எல்எஸ்5 பொறியைவிட 1971 இன் பொறி காகிதத்தில் 5 குதிரைத்திறன் மிகுந்திருப்பினும், அமுக்க விகிதம் குறைந்ததை மறக்கலாகாது.

ஓட்டும் தன்மை

எல் கமினோ எஸ்எஸ் நேர்கோட்டில் விரைவது. அக்கால இதழ்களின் சோதனைகளில் எல்எஸ்6 பொறி கொண்ட செவெல் கால் மைல் தொலைவை 13 முதல் 14 விநாடிகளுக்குள் கடந்தது. எல் கமினோவின் எந்திர அமைப்பும் அதுவே.

ஆயினும் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வார்ப்பிரும்பால் ஆன பெரிய பொறி முன் அச்சின் மீது அமர்ந்திருக்க, பின்புறச் சரக்குத் தளம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். இயக்கப்படுபவை பின் சக்கரங்கள். அவற்றின் மீது எடை குறைவாக இருப்பதால், ஈரச்சாலையில் விசைமிதியைச் சற்று அழுத்தினாலே அவை வழுக்கிச் சுழலும். கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது எடை மேலும் முன்னோக்கிச் சாய்வதால், பின் சக்கரங்கள் முன் சக்கரங்களுக்கு முன்னதாகவே பூட்டிக்கொண்டு ஊர்தியின் பின்பாகத்தைப் பக்கவாட்டில் இழுக்கக்கூடும். பூட்டுத் தடுப்பு பிரேக் அமைப்பு இவ்வூர்தியில் கிடையாது.

சாதாரண எல் கமினோவில் நான்கு சக்கரங்களிலும் உருளைவகை டிரம் பிரேக்குகளே இயல்பாகப் பொருத்தப்பட்டன. 1969 முதல் எஸ்எஸ் தொகுப்பில் முன் சக்கர வட்டு பிரேக்குகளும் அடங்கின. சாதாரண ஊர்தியில் 454 பொறியை மட்டும் பொருத்திப் பழைய டிரம் பிரேக்குகளை அப்படியே விட்டிருந்தால், அது விலை சார்ந்த குறை அன்று, உயிர் சார்ந்த குறை. மாற்றியமைக்கப்பட்ட ஊர்தியில் முதலில் நோக்க வேண்டியது பொறியை அன்று, பிரேக்கையே.

உண்மையான எஸ்எஸ்ஸை அறிதல்

செவ்ரோலெட்டின் பல்வேறு வி8 பொறிகளுக்குப் பின்புறம் கியர் பெட்டியை இணைக்கும் துளைகள் பொதுவானவை. 454 பொறி 1990கள் வரையிலும் சுமையுந்துகளில் பொருத்தப்பட்டதால் பழைய பொறிகள் எளிதாகக் கிடைத்தன. எஸ்எஸ் சின்னங்கள், கோடுகள், முகப்புத் தகடுகள் ஆகியவற்றின் மறுதயாரிப்புகள் கடைகளில் விற்கப்படுகின்றன. ஆகவே ஒரு சாதாரண எல் கமினோவை எஸ்எஸ் போல ஆக்குவது கடினமன்று. இவ்வாறு ஆக்குவது குற்றமும் அன்று. ஆக்கியதை மறைத்து விற்பதே ஏமாற்று.

ஊர்தி அடையாள எண்

1968 முதல் இவ்வெண் ஓட்டுநர் பக்க முன்கண்ணாடியின் அடியில், வெளியிலிருந்து காணும்படி ஒரு தகட்டில் பொறிக்கப்பட்டுள்ளது. 1968 முதல் 1971 வரையான எண்ணின் அமைப்பு வருமாறு:

- முதல் இலக்கம் 1: செவ்ரோலெட் பிரிவு
- அடுத்த இரண்டு இலக்கங்கள்: வரிசை. இவற்றுள் இரண்டாவது ஒற்றைப்படையாயின் ஆறு உருளைப் பொறி; இரட்டைப்படையாயின் வி8
- அடுத்த இரண்டு இலக்கங்கள் 80: பிக்கப் உடல்
- அடுத்த இலக்கம்: மாதிரி ஆண்டின் கடைசி எண்
- அடுத்த எழுத்து: தொழிற்சாலை. எடுத்துக்காட்டாக, கே என்பது கான்சாஸ் சிட்டி, பி என்பது பால்டிமோர்
- கடைசி ஆறு இலக்கங்கள்: தொடர் எண்

1968 இல் எஸ்எஸ் 396 தனி வரிசையாக இருந்ததால் அதன் எண் 13880 என்று தொடங்கும். அவ்வாண்டின் ஊர்திக்கு இதுவே போதிய சான்று. 1969, 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் எஸ்எஸ் வெறும் தொகுப்பாகிவிட்டதால், அடையாள எண் அதைக் காட்டாது. 13680 என்று தொடங்கும் ஊர்தி, வி8 பொறி கொண்ட உயர்வகை எல் கமினோ என்பதை மட்டுமே அறியலாம். அது எஸ்எஸ் ஆகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனினும் மூன்றாம் இலக்கம் ஒற்றைப்படையாயின் ஊர்தி ஆறு உருளைப் பொறியுடன் பிறந்தது. அது ஒருபோதும் தொழிற்சாலை எஸ்எஸ் ஆகாது.

1972 இல் எண்ணின் அமைப்பு மாறியது. ஐந்தாம் இடத்தில் பொறியைக் குறிக்கும் எழுத்து சேர்க்கப்பட்டது. அங்கு ஆங்கில எழுத்து டபிள்யூ இருந்தால் அது 454 பொறி. அவ்வாண்டு 454 பொறி எஸ்எஸ் தொகுப்புடன் மட்டுமே கிடைத்தது. ஆகவே 1972 எஸ்எஸ் 454 ஐயும் அடையாள எண்ணைக் கொண்டே உறுதிசெய்யலாம்.

பொறியில் உள்ள எண்கள்

பொறியின் முன்புறம், வலப்பக்க உருளைத்தலைக்கு முன்னால் சிறிய சமதளம் ஒன்று உண்டு. பொறி கட்டப்பட்ட மாதம், நாள், பொறி வகையைக் குறிக்கும் எழுத்துகள் ஆகியன அதில் பதிக்கப்பட்டிருக்கும். நியூயார்க் மாநிலத்தின் டோனவாண்டா ஆலையில் கட்டப்பட்ட பெரிய பொறிகளில் இக்குறியீடு டி என்னும் எழுத்துடன் தொடங்கும். 1970 எல்எஸ்6 பொறியில் இறுதி எழுத்துகள் சிஆர்வி எனில் கைமுறை கியர் பெட்டி, சிஆர்ஆர் எனில் தானியங்கிக் கியர் பெட்டி. ஊர்தி அடையாள எண்ணின் ஒரு பகுதியும் பொறியில் பதிக்கப்பட்டிருக்கும். அது தகட்டிலுள்ள எண்ணோடு பொருந்துமாயின் "எண் ஒத்த ஊர்தி" எனப்படும்.

இங்கும் கவனம் தேவை. சமதளத்தைத் தேய்த்துவிட்டுப் புதிய எண்ணைப் பதிப்போரும் உளர். ஆலையில் இச்சமதளம் சீவப்பட்டபோது ஏற்பட்ட மெல்லிய இணைகோடுகள் இயல்பாகக் காணப்பட வேண்டும். கோடுகளே இன்றிப் பளபளப்பாகவோ, வட்டத் தேய்ப்புத் தடங்களுடனோ இருந்தால் ஐயம் கொள்ள வேண்டும். மேலும், பொறி வார்க்கப்பட்ட நாள் முதலிலும், கட்டப்பட்ட நாள் அடுத்தும், ஊர்தி உருவான நாள் இறுதியிலும் வர வேண்டும். ஊர்தி உருவானதற்குப் பிந்திய நாளில் வார்க்கப்பட்ட பொறி, அந்த ஊர்தியின் முதற்பொறியாக இருக்க இயலாது.

ஆவணங்கள்

1969 முதல் 1971 வரையான ஊர்திகளுக்கு உறுதியான சான்று காகிதமே. கட்டமைப்புத் தாள் என்பது தொழிற்சாலையில் பணியாளர்களுக்கு வழிகாட்டிய தாள்; அந்த ஊர்தியில் பொருத்த வேண்டிய தொகுப்புகள் அனைத்தும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். எரிபொருள் தொட்டியின் மேலும் இருக்கையின் கம்பிச்சுருள்களுக்கு இடையிலும் இது கிடைப்பதுண்டு. சில வேளைகளில் வேறோர் ஊர்தியின் தாளும் அங்கே செருகப்பட்டிருக்கும். ஆகவே தாளிலுள்ள அடையாள எண்ணை ஒப்பிட வேண்டும். விற்பனையாளர் கொடுத்த விலைச்சீட்டும், உத்தரவாதத்துக்காக வழங்கப்பட்ட புரொடெக்ட்-ஓ-பிளேட் என்னும் சிறு உலோகத் தகடும் பயனுள்ளவை. அத்தகட்டில் பொறி, பின் அச்சு ஆகியவற்றின் குறியீடுகள் புடைப்பாக உள்ளன. இவற்றையும் மறுதயாரிப்பு செய்வோர் உளர் என்பதால், தாளின் முதுமையையும் உள்ளடக்கத்தையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

முதலில் கனடாவில் விற்கப்பட்ட ஊர்திகளுக்கு ஒரு நன்மை உண்டு. கனடா நாட்டின் ஜெனரல் மோட்டார்ஸ் அவற்றின் தொழிற்சாலை விவரங்களைப் பேணிவைத்து, கட்டணம் பெற்று வழங்கி வந்துள்ளது. அமெரிக்காவில் விற்கப்பட்ட இவ்வாண்டுகளின் செவ்ரோலெட் ஊர்திகளுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை.

துணைச் சான்றுகள்

பன்னிரண்டு திருகுகள் கொண்ட பின் அச்சு மூடி, முன் வட்டு பிரேக்குகள், 1970 முதல் வட்ட வடிவ அளவிகள் கொண்ட கருவிப்பலகை ஆகியன எஸ்எஸ் ஊர்தியில் எதிர்பார்க்கத்தக்கவை. இவை இல்லாதது ஐயத்துக்கு வலுவான காரணம். இருப்பது மட்டும் சான்றாகாது. ஏனெனில் இவை யாவும் மாற்றிப் பொருத்தக்கூடியவையே.

துரு

பொறியைச் செப்பனிடுவதைவிடத் துருப்பிடித்த உடலைச் செப்பனிடுவதற்கே செலவு மிகும். எல் கமினோவில் நோக்க வேண்டிய இடங்கள்:

- சரக்குத் தளத்தின் அடித்தகடும் ஓரங்களும்
- பின்கண்ணாடியின் அடிவிளிம்பு. இங்கு நீர் தேங்கி, இருக்கைக்குப் பின்னுள்ள தகட்டை அரிக்கும்
- பின் சக்கர வளைவுகளும் அவற்றின் பின்னுள்ள தாழ்பகுதியும்
- பின் கதவின் உட்புற அடிப்பகுதி
- ஓட்டுநர் காலடித் தகடும் முன்கண்ணாடியின் கீழுள்ள காற்றுப் பெட்டியும்
- அடிச்சட்டம் பின் அச்சின் மீது மேலெழும் வளைவு

இவை தவிர இவ்வூர்திக்கே உரிய மறைவிடம் ஒன்று உண்டு. அடித்தகடு செவெல் குடும்ப மகிழுந்துகளின் அமைப்பைத் தழுவியது என்பதால், பின்னிருக்கைப் பயணியர் கால் வைக்கும் பள்ளம் எல் கமினோவிலும் எஞ்சியிருக்கிறது. அது சரக்குத் தளத்தின் முன்பகுதிக்கு அடியில் மூடப்பட்டுள்ளது. இதை ஆர்வலர்கள் "கடத்தல்காரர் பெட்டி" என்று வேடிக்கையாக அழைப்பர். மேலிருந்து கசியும் நீர் இங்கே தேங்கிப் பல ஆண்டுகள் யாரும் அறியாமல் துருவை வளர்க்கும். சரக்குத் தளத்தின் மீதுள்ள மூடித் தகட்டைக் கழற்றி, கைவிளக்கால் உள்ளே பார்க்காமல் எந்த எல் கமினோவையும் வாங்கலாகாது.

புதிய வண்ணம் துருவை மறைக்கும். துணி சுற்றிய சிறு காந்தத்தை உடலின் மீது நகர்த்தினால், தகட்டுக்கு மாற்றாகப் பசை நிரப்பிய இடங்களில் காந்தம் பற்றாது. சரக்குத் தளத்தில் புதிதாக விரிக்கப்பட்ட தடித்த பூச்சோ பாயோ இருந்தால், அதன் அடிப்புறத்தை ஊர்தியின் கீழிருந்து பார்க்க வேண்டும்.

உதிரிப் பாகங்கள்

முன்பக்கத் தகடுகள், கதவுப் பொருட்கள், பொறிப் பாகங்கள் ஆகியன பெரும்பாலும் செவெல் மகிழுந்துக்கும் பொதுவானவை. செவெல் மிகவும் விரும்பப்படும் ஊர்தி ஆதலால் இவற்றின் மறுதயாரிப்புகள் தாராளமாகக் கிடைக்கின்றன. பின் பம்பர், பின் விளக்குகள், பின் கதவு ஆகியன செவெல் ஸ்டேஷன் வேகன் ஊர்தியோடு தொடர்புடையவை. சரக்குத் தளத்தின் ஓர அணிகள், பின்கண்ணாடியைச் சூழ்ந்த பளபளப்புச் சட்டங்கள் போன்ற எல் கமினோவுக்கே உரிய பாகங்களைத் தேடிப் பெறுவது கடினம். ஆகவே ஒரே விலையில் இரண்டு ஊர்திகள் இருந்தால், முன்பகுதி சேதமுற்றதையும் பின்பகுதி முழுமையானதையும் தேர்வது பெரும்பாலும் ஆதாயம் தரும்.

எரிபொருளும் நெய்மமும்

1970 வரையான மிகுஅமுக்கப் பொறிகள் காரீயம் கலந்த உயர்தர பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டவை. அமெரிக்கச் சாலைகளில் ஓடும் ஊர்திகளுக்குக் காரீய பெட்ரோல் 1996 முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது. காரீயம் அடைப்பிதழ் இருக்கைகளைத் தேய்மானத்திலிருந்து காத்துவந்தது. ஆகவே உருளைத்தலைகளில் கடினமாக்கப்பட்ட இருக்கைகள் பொருத்தப்பட்டுள்ளனவா என்று கேட்டறிய வேண்டும். அமுக்க விகிதம் 11ஐத் தாண்டிய பொறி, பம்புகளில் கிடைக்கும் எரிபொருளில் தட்டொலி எழுப்பக்கூடும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களை நைக்கும். அவற்றை மாற்றியிருக்க வேண்டும்.

இப்பொறிகளின் தட்டையடித் தள்ளிகள் துத்தநாகச் சேர்மம் மிகுந்த நெய்மத்தை வேண்டுபவை. இக்கால ஊர்திகளுக்கான பல நெய்மங்களில் அச்சேர்மம் குறைக்கப்பட்டுவிட்டது. விற்பவர் எந்த நெய்மத்தைப் பயன்படுத்தினார் என்னும் எளிய வினா, அவர் ஊர்தியைப் பேணிய விதத்தையும் வெளிப்படுத்தும்.

பொறியை முன்பே சூடாக்கி வைக்கச் சொல்லாமல், குளிர்ந்த நிலையில் இயக்கிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் எழும் நீலப்புகை, அடியிலிருந்து வரும் தட்டொலி, சூடேறியபின் வீழும் நெய்ம அழுத்தம் ஆகியன சூடான பொறியில் சில வேளை மறைந்தோ, விற்பவரால் மறைக்கப்பட்டோ இருக்கும்.

சட்டமும் உரிமையும்

உரிமைச் சான்றிதழில் உள்ள அடையாள எண்ணும் ஊர்தியின் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருத்தல் வேண்டும். தகட்டைப் பொருத்திய தறையாணிகள் மாற்றப்பட்டிருந்தாலோ, தகடு வளைந்திருந்தாலோ விலகிவிடுவதே நன்று. அடையாள எண்ணை அகற்றுவதும் மாற்றுவதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஊர்தியின் மீது கடன் நிலுவை உள்ளதா, விபத்தில் சிதைந்த ஊர்தி என்று பதிவாகியுள்ளதா என்பனவும் பார்க்க வேண்டியவை. கலிபோர்னியாவில் 1975 மற்றும் அதற்கு முந்திய மாதிரி ஆண்டுகளின் பெட்ரோல் ஊர்திகளுக்குப் புகைச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. 1968 முதல் 1972 வரையான எல் கமினோக்கள் இவ்விலக்கில் அடங்கும்.

பிற்கால வரலாறு

1973 இல் எல் கமினோ பெரிய, கனமான உடலைப் பெற்றது. 1978 இல் மீண்டும் சிறிதானது. எஸ்எஸ் என்னும் பெயர் பின்னும் தொடர்ந்தது; எனினும் 1970 இன் திறன் திரும்பவில்லை. மாசுக்கட்டுப்பாடு, காப்பீட்டுக் கட்டண உயர்வு, 1973 எண்ணெய் நெருக்கடி ஆகியன மிகுதிறன் ஊர்திகளின் காலத்தை முடித்துவைத்தன. போட்டியாளரான ராஞ்செரோ 1979 உடன் நின்றது. 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் அது 429 கன அங்குலப் பொறியுடன் எஸ்எஸ் 454க்கு நிகரான போட்டியாக விளங்கியது. எல் கமினோவின் தயாரிப்பு 1987 இல் முடிவுற்றது. ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் யூட் ஊர்தியை போன்டியாக் ஜி8 எஸ்டி என்னும் பெயரில் அமெரிக்காவில் விற்கும் திட்டம் 2008 இல் அறிவிக்கப்பட்டு, 2009 இல் கைவிடப்பட்டது. ஹோல்டனின் ஆஸ்திரேலியத் தயாரிப்பும் 2017 இல் நின்றது.

எதை வாங்குவது

சந்தையில் உள்ள ஊர்திகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, ஆவணங்களால் உறுதிசெய்யப்பட்ட எஸ்எஸ். இதன் விலையில் பெரும்பகுதி வரலாற்றுக்கே உரியது. ஆகவே வரலாற்றைக் காட்டும் காகிதம் கைக்கு வந்தபின்னரே பணத்தைக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, எஸ்எஸ் போல மாற்றப்பட்டு, மாற்றப்பட்டது என்று வெளிப்படையாகவே விற்கப்படும் ஊர்தி. ஓட்டி மகிழ விரும்புவோருக்கு இது குறைந்த செலவில் அதே விரைவைத் தரும். நல்ல பிரேக்குகளும் கடினமாக்கப்பட்ட அடைப்பிதழ் இருக்கைகளும் சேர்க்கப்பட்டிருந்தால், அன்றாட ஓட்டத்துக்கு மூல ஊர்தியைவிட ஏற்றது. மூன்றாவது, எஸ்எஸ் என்று வாய்மொழியாகக் கூறப்பட்டு, சான்று இன்றி முதல் வகையின் விலைக்கு விற்கப்படுவது. ஏமாற்றம் நிகழ்வது இங்கேதான்.

சான்று இல்லாத ஊர்தியை எஸ்எஸ் அல்ல என்று கொண்டு, இரண்டாம் வகையின் விலையை மட்டும் கூறுவதே பாதுகாப்பான வழி. பின்னாளில் எரிபொருள் தொட்டியின் மேலிருந்து ஒரு பழுப்பேறிய தாள் கிடைத்தால், அது வாங்கியவரின் பேறு. கிடைக்காவிட்டாலும் அவர் கொடுத்த பணம் அவர் ஓட்டும் ஊர்திக்கு மட்டுமே கொடுத்ததாக இருக்கும்.